பத்தாவது படிக்கிற பிள்ளை நடைபாதையில் தூங்குகிறாள். பெரும்பாக்கம் போகச் சொல்லலாமா?

கணக்கு டீச்சர் (கேள்வி)

வடசென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் சரிபார்க்கிற வேலை வந்தது. எல்லோரையும் முகவரி எழுதித் தரச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் சீட்டில் ஒரு பாத்திரக் கடையின் பெயரும், அதன் கீழே "எதிர்ப்புறம்" என்றும் இருந்தது. "கதவு எண் எங்கடி?" என்று கேட்டேன். "கதவு இல்ல மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த வாரம் ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ப் பார்த்தேன். பாரிமுனைப் பக்கம் என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெரு. கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் இவர்கள் பாயை விரிக்க முடியும். அப்பா மீன்பாடி வண்டியில், அதாவது மூன்று சக்கரச் சரக்கு மிதிவண்டியில், லோடு அடிக்கிறார். அம்மா பூ கட்டி விற்கிறார். பாட்டி இதே வரிசையில்தான் பிறந்தாராம், கடைகளின் பெயர்ப் பலகைதான் மாறிக்கொண்டே இருந்தது என்றார். யூனிஃபார்மை ஒரு அரிசிப் பையில் சுருட்டி டீக்கடைப் பரணில் வைத்திருக்கிறார்கள். குளிக்கக் கட்டணக் கழிப்பறை. போன் சார்ஜுக்கும் டீக்கடைதான், அதற்கும் காசு. பகலில் லாரிகளுக்குத் தடை என்பதால் சரக்கு இறங்குவது ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு. என் வகுப்பில் இரண்டாவது பீரியடில் அவள் ஏன் தூங்கி விழுகிறாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்காக இரண்டு முறை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

தம்பி மூன்றாவது. அவனுக்குக் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பாடு கிடைத்துவிடுகிறது. அது ஐந்தாவது வரைக்கும்தான். இவளுக்கு மதியம் வரை டீயும் பன்னும்.

அப்பா, அம்மா இருவரும் உழைக்கிற குடும்பம். மாதம் ஆறாயிரம் வாடகை கொடுக்க முடியும் என்கிறார்கள், நானும் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியும். ஆனால் அட்வான்ஸ் அறுபதாயிரம் கேட்கிறார்கள். தினம் வந்து தினம் போகிற கையில் அறுபதாயிரம் எங்கே சேரும்?

இப்போது விஷயம் என்னவென்றால், அவர்கள் வரிசையில் நாலு குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே இருக்கிற பெரும்பாக்கத்தில் அரசு வீடு ஒதுக்கிவிட்டார்கள். அடுத்து இவர்கள்தான் என்று பேச்சு. அம்மா என்னிடம், "நீங்க சொல்லுங்க டீச்சர், போகட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. போகச் சொல்வதா, அதுவரை நிற்கச் சொல்வதா?

உள்ளதைச் சொல்பவன்

டீச்சர், கோபப்படாதீங்க. அரசாங்கம் லட்சக்கணக்கில் செலவு செய்து வீடு கொடுக்கிறது. அதை உள்வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பவும் அதே பிளாட்பாரத்துக்கு வந்து படுக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டில் இருக்கிற நாங்கள் எல்லாம் இளிச்சவாயர்களா?

கணக்கு டீச்சர்

கோபமில்லை சார். நீங்கள் பார்த்தது பொய்யும் இல்லை. ஆனால் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று ஒரு கணக்கு போடலாம்.

பூக்கார அம்மா காலை நாலரைக்குப் பூக்கடையில் உதிரிப்பூ வாங்கினால்தான் எட்டு மணிக்குள் கட்டி, கோயிலுக்கும் கடைக்கும் போகிறவர்களிடம் விற்க முடியும். பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனை எப்படிப் பார்த்தாலும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் டிக்கெட் இல்லை, சரி. ஆனால் நாலரைக்கு இங்கே நிற்க எந்த பஸ்ஸில் ஏறுவது? அப்பாவின் மீன்பாடி வண்டியை அவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு போக முடியாது. இங்கேயே விட்டுப் போனால் காலையில் இருக்காது. அங்கே பூ விற்கலாமே என்பீர்கள். ஒரு முழம் பூ வாங்க அங்கே யார் நடந்து வருகிறார்கள்?

வீட்டை உள்வாடகைக்கு விடுவது தப்புதான். ஆனால் அந்த வாடகையை வைத்து இங்கே யாரும் மாடி கட்டவில்லை. இங்கே பிழைப்பு இருக்கிறது, அங்கே வீடு இருக்கிறது, நடுவில் ஒன்றரை மணி நேரப் பயணம். அவ்வளவுதான் என் கணக்கு.

கண்ணகி நகர்க்காரன்

டீச்சர், இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். எங்களை ஆற்றங்கரையிலிருந்து, இதே மாதிரி ஊருக்கு வெளியே கட்டிய கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் இறக்கியபோது நான் ஆறாவது. இப்போது ஏ.சி. மெக்கானிக். இரண்டு பிள்ளைகள்.

இறக்கினார்கள் என்று சும்மா சொல்லவில்லை. லாரியில் பீரோ, கட்டில், அம்மிக்கல், மேலே நாங்கள். பள்ளிக்கூடம் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது, அரையாண்டு கூட முடியவில்லை. அம்மா மந்தைவெளியில் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். முதல் மாதம் நாலையும் பிடித்துக்கொண்டார். "ஆறு மணிக்கு வரணும்" என்ற வீடு முதலில் போனது, அடுத்து இன்னொன்று. வருஷம் முடியும்போது ஒரே வீடு. வருமானம் கால்வாசி ஆகிவிட்டது.

அண்ணன் எட்டாவது. பழைய பள்ளியை விட மாட்டேன் என்று பஸ் பாஸ் எடுத்துக்கொண்டு போனான். காலையில் அந்த பஸ்ஸில் கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? கம்பியைப் பிடிக்கவே கை எட்டாது. பிரேயர் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவான், வெளியே நிற்க வைப்பார்கள். ஒரு நாள் இல்லை, தினமும். ஒன்பதாவது பாதியில், "இனிமே போகலைமா" என்றான். அடுத்த வாரமே தண்ணீர் கேன் லோடுக்குப் போய்விட்டான். யாரும் அடித்து நிறுத்தவில்லை, அவனுக்குப் படிப்பு வராமலும் இல்லை. எனக்குப் பின்னத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

வேலைக்குப் போனால் விலாசம் கேட்பார்கள். கண்ணகி நகர் என்றதும் முகம் மாறும். நான் முதல் வேலைக்குத் துரைப்பாக்கம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஒரே பின்கோடுதான், பொய் இல்லை!

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் துரோகம். அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. ஆற்றங்கரையில் அவள் குளிக்கிறபோது அம்மாவும் பெரியம்மாவும் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து போக வேண்டும். கண்ணகி நகரில் ஒரே அறைதான், ஆனால் குளியலறைக்குக் கதவு இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. முதல் நாள் உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. தண்ணீர் தீர்ந்துபோச்சு, இன்னும் என்னடி பண்றே என்று அம்மா தட்டுகிறார். "சும்மா உக்காந்திருக்கேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதனால் வீடு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒதுக்கீடு வந்தால் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் டி.சி. மட்டும் மார்ச் வரைக்கும் வாங்க வேண்டாம். இந்தக் காலத்துப் பெரும்பாக்கம் எங்கள் காலத்துக் கண்ணகி நகர் இல்லை, பள்ளி, பஸ் எல்லாம் பரவாயில்லை. ஆனாலும் பத்தாவது நடுவில் பிள்ளையைப் பிடுங்கி நட வேண்டாம் டீச்சர். என் அண்ணனைப் பார்த்தவன் சொல்கிறேன்.

பழைய களப்பணியாளர்

வீடற்றவர்களுக்கான தங்குமிடம் ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். கண்ணகி நகர்த் தம்பி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சில நடைமுறை விஷயங்களைச் சேர்க்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் அந்தப் பெண்ணின் தம்பிக்கு உதவும், அவளுக்கு உதவாது. அது எட்டாவது வரைக்கும்தான். மூன்றாவது படிக்கிறவனை ஆண்டு நடுவில் எந்த அரசுப் பள்ளியில் கொண்டுபோய் விட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி. வரவில்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பத்தாவதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, தேர்வுப் பதிவு வேறு இந்தப் பள்ளியில் நடக்கும். அவளை அசைக்காதீர்கள்.

தங்குமிடம் பற்றி யாராவது சொல்லுவார்கள். லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், வருஷம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதிலிருந்துதான் இவை பெருகின. சென்னை மாநகராட்சித் தங்குமிடங்களும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அப்பா ஓரிடம், அம்மாவும் பெண்ணும் ஓரிடம், பையன் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அவன் இன்னோரிடம். குடும்பம் குடும்பமாக நடைபாதையில் இருப்பவர்கள் வர மறுப்பது இதனால்தான். "சேர்ந்து இருக்க ஒரு இடம் குடு, வர்றேன்" என்று என்னிடம் ஒரு அம்மா சொன்னார். என்னால் கொடுக்க முடிந்தது ஆளுக்கொரு பாய்தான்.

விடுதி இன்னொரு வழி. பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, ஆனால் அது மாணவிகளுக்குக் கிடையாது. ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளும் இருக்கின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் இ-சேவைக்கு நீங்களே கூடப் போய் வாருங்கள், முகவரி என்றதும் அவர்கள் தயங்கி நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று, பெரும்பாக்கம் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது நகரத்துக்குள்ளேயேதான் அடுக்குமாடி கட்டினார்கள். ஊருக்கு வெளியே கொத்தாகக் கொண்டுபோய் வைப்பது பிற்பாடு வந்த பழக்கம். 2021இல் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இப்போது மூலக்கொத்தளத்தில் கட்டியிருக்கிறார்கள், வால்டாக்ஸ் சாலைப் பக்கமும் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். பாரிமுனையிலிருந்து இவையெல்லாம் மீன்பாடி வண்டி மிதிக்கிற தூரம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவின் தொழில், அம்மாவின் தொழில், பிள்ளைகளின் பள்ளி மூன்றையும் தெளிவாக எழுதி, பள்ளியிலிருந்து ஒரு படிப்புச் சான்றும் சேர்த்து. மனு போட்டால் உடனே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். போடாவிட்டால் நிச்சயம் நடக்காது.

ஜெர்சி சிட்டி அம்மா

நான் இங்கே ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. "கதவு இல்ல மிஸ்" என்ற வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, மெக்கின்னி வென்டோ என்பார்கள், 1987ஆம் வருஷத்தது. வீடிழந்த குழந்தை எங்கே போய்த் தங்கினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம், வண்டி ஏற்பாடு செய்வது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. நிரந்தர வீடு கிடைத்த பிறகும் அந்தக் கல்வியாண்டு முடிகிற வரைக்கும் பள்ளி மாற வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு அவர்கள் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டு ஹாலில் ஒண்டிக்கொண்டிருக்கிற பிள்ளையையும் வீடற்ற பிள்ளை என்றுதான் கணக்கில் எடுப்பார்கள்.

ஆனால் இங்கே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் நகரத்தில் மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீடில்லாதவர்கள். அந்தச் சட்டம் பஸ் கொடுக்கும், வீடு கொடுக்காது. என் வகுப்பில் ஒரு பையனின் அம்மா பகலில் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை. வாடகை உதவிக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்.

ராயபுரம் வீட்டுக்காரர்

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை.

எனக்குக் கீழே ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு. ஓய்வூதியம் இல்லாதவன், இந்த வாடகைதான் சாப்பாடு. நானும் பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறவன்தான். 2017ஆம் வருஷத்துச் சட்டத்தில் மூன்று மாதம் என்று போட்டிருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லாது. ஒப்புக்கொள்ளாதவருக்கு வீடு கிடைக்காது. அப்புறம் எங்கே சட்டம்?

ஏன் பத்து மாதம் என்றால், ஒருத்தர் ஏழு மாதம் வாடகை தராமல் இருந்தார். காலி பண்ணச் சொன்னால் கோர்ட்டுக்குப் போ என்றார். கரண்ட் பில்லும் என் தலையில். அன்றிலிருந்து பயம். நடைபாதையிலிருந்து வருகிறவர் என்றால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை. ஏதாவது ஒன்று என்றால் யாரைப் போய்க் கேட்பது என்கிற பயம்தான்.

அதாவது டீச்சர், எனக்கு வேண்டியது அறுபதாயிரம் இல்லை. ஒரு ஆள். யாராவது மாதச் சம்பளக்காரர் பக்கத்தில் நின்று, "நான் பார்த்துக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டால், மூன்று மாத அட்வான்ஸுக்கு நான் சம்மதிப்பேன். என்னைப் போல நாலு பேர் இருப்பார்கள். என்னிடம் இப்போது காலி இல்லை, கொண்டித்தோப்புப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

கணக்கு டீச்சர் (பத்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காலாண்டுத் தேர்வு, பேப்பர் திருத்தல்.

விடுதியைப் பற்றி முதலில் கேட்டோம். "அம்மாவ விட்டுட்டு மாட்டேன்" என்று ஒரே பேச்சு. நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு ராயபுரம் சார் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் மாதச் சீட்டு ஒன்று ஓடுகிறது. அந்த மாதம் எடுக்க வேண்டியது ஒரு தமிழாசிரியை, அவரிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். காரணம் சொன்னதும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "திரும்ப வருமா?" என்றார். "வரும்" என்றேன். மாதம் ஆயிரமாகத் திருப்பித் தர அந்த அம்மா ஒத்துக்கொண்டார். தினமும் முப்பத்தைந்து ரூபாயை ஒரு பூக்கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறார், மாசக் கடைசியில் அவர் என்னிடம் தருகிறார். இரண்டு தவணை வந்துவிட்டது. முதல் தவணை முழுக்கப் பத்து ரூபாய் நோட்டு, எல்லாம் ஈரம்.

வீடு தேடியது தனிக் கதை. பதினொரு வீடு பார்த்தோம். மூன்று இடத்தில் நான் டீச்சர் என்றதும் எனக்கு வீடு தரத் தயார், அவர்களுக்குத் தர மாட்டார்கள். ஓரிடத்தில் "எங்கே வேலை?" என்று கேட்டார்கள். அப்பா மீன்பாடி வண்டி என்றார், கதவு மூடிக்கொண்டது. கடைசியில் கொண்டித்தோப்பிலேயே ஒரு வீட்டுக்கார அம்மா. அவரும் ஒரு காலத்தில் பூ விற்றவராம். ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், வெளியே பொதுக் குளியலறை, ஐந்தாயிரத்து ஐநூறு, மூன்று மாத அட்வான்ஸ். அக்ரிமெண்டில் சாட்சியாக நான்.

பெரும்பாக்கம் ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. மூலக்கொத்தளம், வால்டாக்ஸ் சாலை இரண்டையும் குறிப்பிட்டு மனு கொடுத்திருக்கிறோம், ரசீது என் பையில்தான் இருக்கிறது. உள்ளதைச் சொல்பவன் சார், இதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், வாடகை கொடுத்துத்தான் இருக்கிறார்கள்.

கண்ணகி நகர்த் தம்பி, உங்கள் அக்கா கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் பீரோவில் இருந்த அவளுடைய புத்தகங்களை எல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கணக்குப் புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டாள், அது வேண்டுமென்றா என்று தெரியவில்லை. இரண்டாவது பீரியடில் இப்போது தூங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவளோடு பேசுகிறாள்.

பாட்டி மட்டும் வரவில்லை. பாத்திரக் கடைக்கு எதிரே அதே இடத்தில்தான் ராத்திரி படுக்கிறார். போய்க் கூப்பிட்டேன். "என்னிக்காவது கைரேகை வெச்சு கணக்கெடுக்க வருவாங்கம்மா, அப்ப இங்க ஆள் இல்லன்னா பேரை அடிச்சிடுவாங்க. வாரிய வீடு கிடைக்கிற வரைக்கும் ஒருத்தராவது இருக்கணும்" என்றார். பேத்தி ராத்திரி எட்டு மணிக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

பாட்டி பயப்படுவது சரியா, களப்பணியாளர் சார்? குடும்பத்தில் யாரும் அந்த இடத்தில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்களா? மழை ஆரம்பிக்கப் போகிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.